தாமிரபரணிக் கரையில் தங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. அந்தக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு எட்டு அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி இருக்கிறது. கட்டியது மாமா. சமையல் அத்தை பொறுப்பு. போன் எடுப்பது நான். பன்னிரண்டு வருடமாக எடுக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், கேட்கிறவர்கள்தான் மாறுகிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் வேறு எந்த ஆற்றங்கரை விடுதியில் தங்கினாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அக்கா, ஆத்தங்கரைன்னு போட்டிருக்கீங்க. ரூம் ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியுமா?

மாடியில் இரண்டு அறைகளிலிருந்து தெரியும். மற்ற அறைகளிலிருந்து தென்னந்தோப்பும் அதற்கு அப்பால் ஒரு வயலும் தெரியும். ஆற்றின் சத்தம் ராத்திரி எல்லா அறைக்கும் கேட்கும். தோப்பு வழியாக நடந்தால் மூன்று நிமிடத்தில் படித்துறை.

தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கட்டடம் இருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்த்து வருகிறார்கள். நல்ல ஆற்றங்கரை விடுதி அப்படி இருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஆறு கரையேறிப் பார்க்கும். அதற்கு இடம் விட்டுத்தான் பழைய ஆட்கள் வீடு கட்டினார்கள். எந்த ஊரில் அறை எடுத்தாலும் "ஆற்றுக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு தூரம், போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள்.

எந்த மாசம் வந்தா தண்ணி இருக்கும்?

எல்லா மாதமும் இருக்கும். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதன் மலையில் பெய்வதால் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு ஆறு மாதிரி இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கார் என்கிற முதல் போக நெல் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையைத் திறப்பார்கள். ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும், காற்று குளிர்ந்து இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அப்போது பார்க்க அழகு, இறங்க ஆபத்து. ஜனவரி, பிப்ரவரிதான் எனக்குப் பிடித்த மாதங்கள். பிசானம் என்கிற இரண்டாம் போக நெல் கதிர் பிடித்து நிற்கும், தண்ணீர் தெளிந்து அடியில் கூழாங்கல் தெரியும், பறவைகள் நிறைய இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறைந்து, பாறையும் மணலும் வெளியே தெரியும். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் முட்டளவுத் தண்ணீரில் உட்கார அந்தக் காலம் சரி. வெயில் மட்டும் கடுமை.

ஆடி அமாவாசை வாரம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஜனங்கள் திரண்டு வருவார்கள். சித்திரை விசுவுக்குப் பாபநாசம் நிரம்பும். அமைதி வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். திருவிழா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள்.

கார் இல்லாம வர முடியுமா?

தாராளமாக. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக வரும். கல்லிடை தாண்டியதும் ரயில் ஆற்றைக் கடக்கும், கதவோரம் வராமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசம் பஸ்களும் அடிக்கடி உண்டு. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. உள்ளூரில் சுற்றுவதற்கும் ஆட்டோவே போதும்.

ஆதார் ஜெராக்ஸ் எதுக்குக் கேக்கீங்க? ஜிஎஸ்டி எவ்வளவு போடுவீங்க?

தங்குகிறவர் யார் என்பதற்கு அடையாளம் வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது எல்லா விடுதிக்கும் உள்ள கடமை. ஆதார்தான் வேண்டும் என்றில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவும் போதும். ஆதார் தருவதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வடிவத்தை இறக்கிக் கொடுங்கள், அதுவே நல்லது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களாகவே இருந்தாலும், பாஸ்போர்ட்டும் விசாவும் (அல்லது ஓசிஐ அட்டையும்) காட்ட வேண்டும். வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை நாங்கள் அரசுக்கு இணையத்தில் ஏற்ற வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறோம்.

நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன விடுதிகள் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வரி வாங்கவும் கூடாது. ரசீதில் வரி போட்டிருந்தால் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏசி, வைஃபை, டிவி எல்லாம் இருக்கா?

நான்கு அறையில் ஏசி. வைஃபை உண்டு, மழை நாளில் நம்ப முடியாது. டிவி கூடத்தில் ஒன்றுதான். கரண்ட் போனால் மின்விசிறிக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டர் தாங்கும், ஏசிக்குத் தாங்காது.

சாப்பாடு அங்கேயே கிடைக்குமா, வெளிய போகணுமா?

கிடைக்கும், ஆனால் முன்னாலேயே சொல்ல வேண்டும். இது ஓட்டல் அடுப்பு இல்லை, வீட்டு அடுப்பு. காலையில் எட்டு மணிக்குள் சொன்னால் மதியச் சாப்பாடு, நான்கு மணிக்குள் சொன்னால் ராத்திரி. ஒன்பது மணிக்கு மேல் வந்து சேர்கிறவர்கள் வழியில் சாப்பிட்டுவிடுவது நல்லது. பசியோடு வந்தால் இட்லியாவது இருக்கும்.

இங்கே வந்து சப்பாத்தியும் பன்னீரும் கேட்கிறவர்களிடம் நான் ஒரு வேளையாவது இந்த மண்ணின் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று கெஞ்சியே சொல்வேன். திருநெல்வேலி சொதி என்பது வெறும் தேங்காய்ப்பால் குழம்பு இல்லை. மூன்று முறை பால் பிழிய வேண்டும். பாசிப்பருப்பு குழைய வேண்டும். கடைசியில் கெட்டிப்பால் ஊற்றியபின் கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, அது இல்லாமல் சொதி செரிக்காது. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு இங்கே இதைத்தான் பரிமாறுவார்கள். நான்கு பேராவது இருந்தால் அத்தை செய்வார். தோலுளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒருவருக்கும் செய்து தருவார். ஆற்றுமீன் குழம்பு மீன் கிடைத்தால்தான், நிச்சயம் சொல்ல மாட்டேன்.

ஊருக்குக் கொண்டுபோகக் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்குங்கள். அக்ரகாரத் தெருக்களில் வீட்டிலேயே இட்டு விற்கிறார்கள்.

ஆத்துல குளிக்கலாமா? எனக்கு நீச்சல் தெரியாது.

குளிக்கலாம், படித்துறையில். அங்கே கடைசிப் படிக்குக் கீழே ஒரு கல்தளம் இருக்கிறது, இடுப்பளவு. அதைத் தாண்டக் கூடாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட நீச்சல் ஓடுகிற தண்ணீரில் பாதிதான் உதவும்.

இந்த ஆற்றில் உயிர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. ஒன்று பாசி. படியும் பாறையும் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் வழுக்கும். செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குங்கள். இரண்டாவது, கசம் என்கிற ஆழமான குழி. மணல் அள்ளிய பள்ளமும் பாறை இடுக்கும் தண்ணீருக்குள் தெரியாது. முட்டளவில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடி ஆளை முழுங்கும். மூன்றாவது, அணைக்கட்டு. இந்த ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து வழிகிற தண்ணீர் அருவி மாதிரி அழகாக விழும். அதன் அடியில் தண்ணீர் சுருண்டு சுருண்டு பின்னாலேயே இழுக்கும். அதில் மாட்டினால் பலசாலிக்கும் வெளியே வர வழியில்லை. அணைக்கட்டைக் கரையிலிருந்து பாருங்கள், அதன் கீழே இறங்காதீர்கள்.

யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். வேட்டி, சேலை, கயிறு, தென்னைமட்டை எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள், கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள். எங்கள் படித்துறைத் தூணில் ஒரு நீளக் கயிறு எப்போதும் கட்டியிருக்கும். துணி காயப்போட அதை எடுக்காதீர்கள்.

வெயில் சுள்ளுன்னு அடிக்குது. மழையே இல்ல. இன்னைக்கு ஏன் இறங்க வேண்டாங்கிறீங்க?

இங்கே வெயில் அடிப்பது கணக்கில்லை. மலையில் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள் இருக்கின்றன. ராத்திரி மலையில் மழை பெய்து அணை நிறைந்தால், மதியம் இங்கே நீலவானம் இருக்கும்போதே தண்ணீரைக் கூட்டித் திறப்பார்கள். அரை மணியில் இரண்டு படி முழுகுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகும். சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வரும். சத்தம் கனக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் சோப்பு, துண்டு, செல்போன் எதையும் தேடாமல் மேலே ஏறிவிடுங்கள். மாமா தினமும் காலையில் அணை மட்டமும் திறப்பு அளவும் விசாரித்து வாசல் பலகையில் எழுதுவார். அவர் "இன்று குளிக்க வேண்டாம்" என்று எழுதினால் அதற்குமேல் பேச்சில்லை. "ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்கோம்" என்று கோபித்தவர்கள் உண்டு. கோபம் பரவாயில்லை.

ராத்திரி நிலா வெளிச்சத்துல படித்துறையில உக்காந்து ரெண்டு பீர் குடிச்சா தப்பா?

படித்துறையில் கூடாது. மேலே சொன்ன மூன்று காரணத்தோடு மதுவும் சேர்ந்துதான் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். இன்னொன்று, விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே ஊர்ப் பெண்கள் வெறுங்காலோடு வருவார்கள். போன வருடம் உடைந்த பாட்டில் ஒரு பாட்டியின் பாதத்தில் இறங்கி ஏழு தையல் போட்டோம். நிலா பார்க்க மாடிக்கு வாருங்கள், சுக்குக்காபி போட்டுத் தருகிறேன்.

கல்யாணம் ஆகாத ஜோடிக்கு ரூம் கொடுப்பீங்களா?

கொடுப்போம். இருவரும் பதினெட்டு வயது முடிந்தவர்களாக இருந்து அடையாளம் காட்டினால் போதும். தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கிராமத்துப் பக்கம் எல்லா விடுதியும் இப்படி இல்லை என்பதால், எங்கே போனாலும் போனிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நின்று அவமானப்பட வேண்டாம்.

வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றோம். சமாளிக்க முடியுமா?

கீழ்த்தளத்தில் இரண்டு அறை அவர்களுக்கென்றே. மேற்கத்திய கழிப்பறை, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி. தோப்புப் பாதை சமதரை. படித்துறைப் படிகள் மட்டும் உயரம், பழைய கல். முட்டிவலி உள்ளவர்கள் மேல்படியில் உட்கார்ந்தால் ஒரு குடம் தண்ணீர் மோந்து ஊற்றிவிடலாம். நிறையப் பெரியவர்கள் அதற்கே கண்கலங்கிவிடுவார்கள், சின்ன வயதில் குளித்த ஆறு.

பாம்பு வருமா?

தோப்பும் வயலும் இருக்கிற இடம், வரும். ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், அறைக்கு ஒன்று வைத்திருக்கிறோம். கதவடியில் இடைவெளி இல்லாமல் ரப்பர் அடித்திருக்கிறோம். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. அந்தக் கை காலை அசைக்காமல் நேரே அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கு. கொசு மாலை ஆறிலிருந்து எட்டு வரைதான் அதிகம். கட்டிலில் வலை உண்டு.

இது மூலிகைத் தண்ணின்னு சொல்றாங்களே, அப்படியே குடிக்கலாமா?

வேண்டாம். மலையில் நல்ல தண்ணீர்தான். ஊர்களைத் தொட்டதும் சாக்கடையும் கலக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு இதுவே குடிநீர், ஆனால் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள். நாங்கள் கொதிக்க வைத்துப் பானையில் ஊற்றி வைக்கிறோம், பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

ஊரே சோப்பு போட்டுக் குளிக்குது. நான் ஷாம்பு போட்டா மட்டும் ஆறு கெட்டுடுமா?

உங்கள் ஒரு பாக்கெட்டால் கெடாது. ஆனால் ஊரே செய்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்வதைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். அதற்குள் படித்துறை ஓரத்தில் நுரையும் பாக்கெட்டும் கூடியிருக்கிறது, நான் கல்யாணமாகி வந்தபோது காலைக் கடித்த குட்டிமீன்கள் குறைந்துவிட்டன. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியல் எல்லாம் அறையில் முடித்துவிட்டு வாருங்கள். வெந்நீர் இருக்கிறது. ஆற்றில் சும்மா முங்குங்கள். சீயக்காய், பாசிப்பயற்று மாவு போட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ரெண்டு நாள் இருக்கோம். சுத்திப் பார்க்க என்ன இருக்கு?

ஒரே ஒரு இடம் என்றால் திருப்புடைமருதூர். அரை மணி நேரப் பயணம். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்தின் உள்ளே தளம் தளமாக மரச்சிற்பமும் பழைய சுவரோவியமும் இருக்கின்றன. பார்க்க அனுமதி இருக்கிறதா என்று கோயிலில் கேளுங்கள். வெளியே மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும், அந்த ஊர்க்காரர்களே காவல் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். பட்டாசு கூட வெடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

பாபநாசம் கோயில், அதற்கு மேலே அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி ஆகியவை ஒரு நாளில் முடியும். நவகைலாயக் கோயில்களில் முதலாவது பாபநாசம், அடுத்தது சேரன்மகாதேவி. திரும்பும் வழியில் பத்தமடையில் இறங்கிப் பாய் நெய்வதைப் பாருங்கள். இந்த ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்து, துணி மாதிரி மடிக்கிற பாய் செய்கிறார்கள். குற்றாலம் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஜூலை ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.

காரையாறு, மாஞ்சோலை எல்லாம் நம்ம வண்டியிலயே போயிடலாமா?

நினைத்தவுடன் போக முடியாது. அது 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும், பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகாது. விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும், வருவதற்கு முந்தின நாள் என்னிடம் கேளுங்கள், சாவடியில் விசாரித்துச் சொல்கிறேன். "உள்ளே தெரிந்த ஆள் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெள்ளம் வந்து டிரிப் கேன்சல் ஆனா அட்வான்ஸ் திரும்பி வருமா?

வெள்ள எச்சரிக்கையால் வர முடியாமல் போனால் முழுதும் திரும்பக் கொடுப்போம். நாங்களே அழைத்து வராதீர்கள் என்று சொன்னாலும் அப்படித்தான். "ஆற்றில் குளிக்க விடவில்லை" என்பதற்காகத் திருப்ப முடியாது, அதற்கான காரணம் மேலே இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் தண்ணீர் தோப்புக்குள் ஏறி, முன்வாசல் படியில் நின்றது. அறைக்குள் வரவில்லை. நான்கு அறையில் ஆட்கள் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்களை மாடிக்கு ஏற்றி, இரண்டு நாள் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொடுத்தோம். சாலை திறக்கும் வரை யாரையும் அனுப்பவில்லை. அந்த நாட்களுக்கு வாடகை வாங்கவில்லை. மழைக்காலத்தில் வருகிறவர்கள் இரண்டு நாள் மருந்து கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.

அம்மா அஸ்தியைக் கரைக்கணும். லாட்ஜ்ல தங்க விடுவாங்களான்னு தெரியல...

தயங்கித் தயங்கி இதைக் கேட்கிறார்கள். சில இடங்களில் மறுத்திருப்பார்கள் போலிருக்கிறது. இங்கே தங்கலாம். கலசத்தை அறைக்குள் வைக்க மனமில்லையென்றால் தோப்பில் மாமரத்தடியில் ஒரு மாடம் இருக்கிறது, விளக்கு ஏற்றி வைக்கலாம். பாபநாசம் படித்துறையில் காரியம் செய்து வைப்பவர்கள் உண்டு, அதிகாலையிலேயே போனால் கூட்டம் இருக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். காரியம் முடிந்ததும் உடுத்திய துணியை ஆற்றோடு விடுவது என்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. அந்தத் துணிகள் பாறையில் சுற்றி, தண்ணீருக்குள் மட்கிக் கிடக்கின்றன. குளிக்கிறவர் காலிலும் சிக்குகின்றன. ஊர்க்காரர்கள் அவ்வப்போது இறங்கி வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள். துணியைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்துப் பிழிந்து கரையிலேயே வையுங்கள், அல்லது பையில் போட்டு இங்கே கொண்டுவந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

முந்தின நாள் ராத்திரி சொல்லிவிட்டால் காலை நாலரைக்கு ஆட்டோ வாசலில் நிற்கும். திரும்பி வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருப்போம். அன்றைக்குச் சமையலில் வெங்காயம், பூண்டு இருக்காது.